பின் இருக்கையில் ஆளா, மூட்டையா? மொபெட் வாங்கும் மளிகை வணிகர்களுக்கு ஒரு கணக்கு

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்ற பழமொழி மளிகை வியாபாரிகளான நமக்காகவே சொல்லப்பட்டது போலிருக்கும். கிலோவுக்கு ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் லாபத்தில் பருப்பும் சர்க்கரையும் விற்கிற நாம், சரக்கைக் கடை வாசலில் கொண்டு சேர்ப்பதற்குள் அந்த லாபத்தில் பாதியை வழியிலேயே விட்டுவிடுகிறோம். கமுதிக்கு ரயில் இல்லை. மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் லாரியில் வந்து இறங்கும் சரக்கு, இங்கிருந்து அபிராமம், பெருநாழி, மண்டலமாணிக்கம், பசும்பொன் என்று சுற்று வட்டாரக் கிராமங்களுக்குப் போகிறது. ஒரு காலத்தில் மாட்டு வண்டியிலும் பஸ் கூரையிலும் சைக்கிள் கேரியரிலும் போன சரக்கு, இன்று பெரும்பாலும் மொபெட்டில்தான் போகிறது.

நமது மொத்தக் கடைக்குச் சரக்கெடுக்க வரும் சிறு வணிகர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அண்ணாச்சி, புது வண்டி எடுக்கப் போகிறேன். பின்னால் சீட்டு வைத்து வாங்கவா, இல்லை கேரியர் மாட்டி ஒற்றை ஆள் வண்டியாக வைத்துக்கொள்ளவா? வீட்டில் சீட்டு வேண்டும் என்கிறார்கள், கடைக்குக் கேரியர் வேண்டியிருக்கிறது.” கேட்பதற்குச் சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் இதற்குள் கடையின் வரவு செலவும், கடையில் வேலை செய்யும் பிள்ளைகளின் கை காலும், சில சமயம் உயிரும் அடங்கியிருக்கின்றன. ஆகவே இதை விரிவாகப் பேசுவது பயனுள்ளது என்று கருதுகிறோம்.

ஒற்றை ஆள் வண்டியும் இரட்டை ஆள் வண்டியும்

மொபெட் என்பது நம் நாட்டுக்கு வந்தபோது ஒருவர் ஏறிச் செல்லும் வண்டியாகத்தான் வந்தது. திருப்பதியில் தயாரான சுவேகாவையும், 1972-ல் புனேயிலிருந்து கைனடிக் நிறுவனம் வெளியிட்ட லூனாவையும் மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓட்டுபவருக்கு ஓர் இருக்கை, பின்னால் ஒரு சிறு கேரியர், பெட்ரோல் தீர்ந்தால் மிதித்து வீடு சேர பெடல், அவ்வளவுதான்.

1980-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. 1911-ல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தின் வண்டி அது. இருவர் அமரக்கூடிய முதல் இந்திய மொபெட் என்பதே அதன் பெருமை. 50 சி.சி. எஞ்சினில் கணவனும் மனைவியும் சேர்ந்து போகலாம் என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. நம் வட்டாரத்தில் இன்றும் எந்த எக்ஸ்.எல். வண்டியைப் பார்த்தாலும் ‘பிப்டி’ என்றே சொல்கிறார்கள் என்றால், அந்தப் பெயர் எவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது என்று பாருங்கள்.

குடும்ப வண்டியாக வந்த அதைச் சரக்கு வண்டியாக மாற்றியது நம்மைப் போன்ற வியாபாரிகள்தான். பால்காரர், மீன்காரர், காய்கறிக்காரர், மளிகைக்காரர் எல்லோரும் பின் இருக்கையைக் கழற்றிவிட்டுக் கேரியர் மாட்டினார்கள். கம்பெனியும் இதைக் கவனித்து, பின்னர் வந்த கனரக எக்ஸ்.எல். வகைகளில் பின் இருக்கையைத் தனியாகக் கழற்றும்படியே செய்து கொடுத்தது. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 நான்கு வீச்சு எஞ்சின் கொண்டது. பழைய வண்டியைப் போலப் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டிய வேலை இல்லை. 2024-ல் மின்சார வண்டியாகத் திரும்பி வந்திருக்கும் லூனாவிலும் பின் இருக்கை கழற்றக்கூடியதே. ஆக, ஒற்றை இருக்கையா இரட்டை இருக்கையா என்பதைக் கம்பெனிக்காரர் நம் கையிலேயே விட்டுவிட்டார். தீர்மானிக்க வேண்டியவர் நாம்தான்.

வண்டி தாங்கும் எடை

தராசு பிடிக்கிற நமக்கு எடைக் கணக்கு சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வண்டி விஷயத்தில் மட்டும் அந்தத் தராசை மூலையில் வைத்துவிடுகிறோம்.

எக்ஸ்.எல். 100 கனரக வண்டி சுமக்கும் எடை 130 கிலோ என்று தயாரிப்பாளர் சொல்கிறார். பலர் இதைச் சரக்கின் எடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், சரக்கு, பின்னால் மாட்டிய இரும்புக் கேரியர் எல்லாம் சேர்ந்துதான் அந்த 130. வண்டியின் சொந்த எடையே 90 கிலோவுக்குள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். தன் எடையைவிட அதிகமாக அது சுமக்கிறது.

ஓட்டுபவர் 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 65 கிலோ. ஒரு சர்க்கரை மூட்டை 50 கிலோ, ஓர் எண்ணெய் டின் 15 கிலோ. கணக்கு சரியாக முடிந்துவிட்டது. பின்னால் 60 கிலோ எடையுள்ள கடைப் பையன் ஏறி உட்கார்ந்தால் இரண்டு பேருமாக 125 கிலோ. மிஞ்சுவது 5 கிலோ. ஒரு பை பருப்புக்குத்தான் இடம். அதாவது பின் இருக்கை என்பது ஒரு சர்க்கரை மூட்டையின் இடம். ஆளை ஏற்றினால் மூட்டை இல்லை. மூட்டையை ஏற்றினால் ஆள் இல்லை. இரண்டையும் ஏற்றுகிறவர் வண்டியிடம் கடன் வாங்குகிறார். அந்தக் கடனை வண்டி ஒரு நாள் வட்டியோடு வசூலித்துவிடும்.

இன்று கடைத்தெருவில் நாம் காண்பது என்ன? பாக்கெட்டில் அடைத்த அரிசிக்கு 25 கிலோ வரை வரி என்று 2022 ஜூலையில் வந்த பிறகு, 26 கிலோ மூட்டை பழக்கமாகிவிட்டது. அந்த மூட்டையில் நான்கை ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மூட்டை மட்டும் 104 கிலோ, ஆளோடு 169. தாங்கும் அளவுக்கு 39 கிலோ மேல். மின்சார லூனாவுக்குச் சொல்லப்படும் 150 கிலோ கணக்கிலும்கூட, 65 கிலோ ஆள் போக மூன்று மூட்டைக்குத்தான் இடம், நான்காவதற்கு இல்லை.

‘ஒரு நடை மிச்சமாகிறதே’ என்பார்கள். எவ்வளவு மிச்சம்? கடையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். கொண்டு போக வேண்டிய சரக்கு 120 கிலோ. நடைக்கு 60 கிலோவாக இரண்டு நடை போனால் மொத்தம் 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்தால் 80 ரூபாய். ஒரே நடையில் போனால் 40 ரூபாய். மிச்சம் 40 ரூபாயும் ஒரு மணி நேரமும்தான். இந்த 40 ரூபாய்க்காக ஸ்போக் கம்பி, பேரிங், டயர், டியூப், ஷாக் அப்சார்பர் அத்தனையையும் பணயம் வைக்கிறோம். முதுகெலும்பைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மூட்டை இருக்க வேண்டிய இடம்

எடை எவ்வளவு என்பதைப் போலவே எடை எங்கே என்பதும் முக்கியம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் எடை வண்டியை நிலைப்படுத்தும். பின் சக்கரத்தின் அச்சைத் தாண்டிப் பின்னால் போகும் எடை, கடைத் தராசின் ஒரு தட்டில் படி வைத்தது போல முன் சக்கரத்தைத் தூக்கும். முன் சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் ஹேண்டில் திருப்பினாலும் வண்டி திரும்பாது. முன் பிரேக்கும் பிடிக்காது.

இந்த வகை மொபெட்டின் சிறப்பே ஓட்டுபவரின் காலடியில் இருக்கும் தட்டையான இடம். கனமான மூட்டையை அங்கே கிடத்த வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, மூட்டை தடுக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே புறப்பட வேண்டும். பின் இருக்கையைக் கழற்றிய இடத்தில் அடுத்த கனம். அதற்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கேரியரில் அப்பளம், வத்தல், பிஸ்கட் பெட்டி போன்ற எடையில்லாத சரக்கு மட்டும். ஹேண்டிலில் பைகளைத் தொங்கவிடுவதைப் போன்ற கெட்ட பழக்கம் வேறில்லை.

மிளகாய்க்குத் தனிக் கணக்கு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நமது இராமநாதபுரம் குண்டு மிளகாய் எடை குறைவு, பருமன் அதிகம். சாக்கு இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும். எடை சரியாக இருக்கிறதே என்று ஏற்றினால், எதிரே பஸ் போகும் காற்றில் வண்டி ஆடும். மிளகாய்ச் சாக்கை நீளவாட்டில் கட்டுங்கள், குறுக்கே கட்டாதீர்கள்.

நம் மண்ணையும் நினைக்க வேண்டும். கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகையில் களிம்பு போலாகிவிடும். மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தையே பிடித்து நிறுத்தும். சமதளத் தார்ச் சாலையில் தப்பித்துக்கொள்கிற அதிக பாரம், கண்மாய்க் கரை வண்டிப் பாதையில் தப்பாது. சீமைக் கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாரம் ஏறிய பின் டயரில் முள் ஏறினால், மூட்டைகளை நடுவழியில் இறக்காமல் சக்கரத்தைக் கழற்ற முடியாது.

வெளிநாட்டு வண்டி சொல்லும் பாடம்

வெளிநாடுகளில் பண்ணைகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் ஏ.டி.வி. என்ற வண்டியை ஓட்டுகிறார்கள். மோட்டார் சைக்கிள் போன்ற ஹேண்டிலும், பருத்த நான்கு டயர்களும் கொண்டது. நம் பிள்ளைகள் செல்போனில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார்கள். நம் நாட்டில் இவற்றுக்குப் பெரும்பாலும் சாலைப் பதிவு கிடைப்பதில்லை என்பதால் கடைக்கு ஆகாது. ஆனால் அதிலிருந்து ஒரு பாடம் உண்டு.

அந்த வண்டியில் ஓராள் வகை, ஈராள் வகை என்று இரண்டு உண்டு. ஓராள் வண்டியிலும் இருக்கை நீளமாகத்தான் இருக்கும். மேட்டில் ஏறும்போது முன்னால் நகரவும், பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் நகரவும், வளைவில் பக்கவாட்டில் சாயவும் ஓட்டுபவருக்கு விட்ட இடம் அது. இடம் இருக்கிறதே என்று இன்னொருவரை ஏற்றினால், ஓட்டுபவர் நகர முடியாது. எடை பின்னால் போய், மேட்டில் வண்டி மல்லாந்துவிடும். ஈராள் வண்டியை இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே நீளத்தைக் கூட்டி, பின்னவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் கொடுத்து, வேறாகவே கட்டுகிறார்கள். மூன்று சக்கரத்தில் வந்த ஏ.டி.வி. அடிக்கடி கவிழ்ந்ததால், 1988-ல் அமெரிக்காவில் கம்பெனிகள் அதன் விற்பனையையே நிறுத்த ஒப்புக்கொண்டன. ஆஸ்திரேலியாவில் புதிதாக விற்கும் பண்ணை வண்டிகளில் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் அமைப்பு இருக்க வேண்டும் என்பது 2021 முதல் கட்டாயம்.

இடம் இருப்பது வேறு, இருக்கை இருப்பது வேறு என்பதே பாடம். கேரியரில் இடம் இருக்கிறது என்று அதன் மேல் சாக்கை மடித்துப் போட்டு ஆளை உட்கார வைப்பது, இருக்கை அமைப்பது ஆகாது.

இரண்டாவது ஆள் வேண்டிய இடங்கள்

இவ்வளவு சொன்னதால் பின் இருக்கையே வேண்டாம் என்று நாம் சொல்வதாக எண்ண வேண்டாம். சிறு வணிகர் பலர் வீட்டில் இருப்பது ஒரே வண்டிதான். காலையில் அதில் சரக்கு வரும். பிற்பகல் அதில்தான் பிள்ளை பள்ளியிலிருந்து வர வேண்டும். இரவில் நெஞ்சு வலி என்றால் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் இருக்கையைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு நிரந்தரக் கேரியரை வெல்டிங் செய்வது அறிவுடைமை ஆகாது.

கணவன் மனைவி சேர்ந்து சந்தைக்குப் போய்க் கடை விரிக்கிறவர்கள், வாரா வாரம் வசூல் பணத்தோடு இருட்டில் திரும்புகிறவர்கள் ஆகியோருக்கும் இரண்டாவது ஆள் துணை. 50 கிலோ மூட்டையைத் தூக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டும் என்பதும் உண்மையே. அதற்காக அந்த ஆளை வண்டியிலேயே கூட்டிப் போக வேண்டியதில்லை. ஏற்றும் இடத்தில் மொத்தக் கடை ஆள் கை கொடுப்பார். இறக்கும் இடத்தில் கடைக்காரர் கை கொடுப்பார். லைன் சரக்கு அனுப்பும்போது இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் போதும்.

சட்டமும் இன்சூரன்சும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்தில் நடந்தது இது. பெயர்கள் வேண்டாம். ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்த 22 வயதுப் பிள்ளை, மடியில் எண்ணெய் டின்னை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனான். முன்னால் சர்க்கரை மூட்டை. மழை பெய்து ஓய்ந்த நேரம். வளைவில் முன் சக்கரம் வழுக்கியது. ஓட்டியவருக்குச் சிராய்ப்பு. டின்னைப் பிடித்திருந்ததால் கையை ஊன்ற முடியாத அந்தப் பிள்ளைக்குத் தொடை எலும்பு முறிந்தது. வண்டிக்கு இருந்தது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும். பின்னால் இருந்தவருக்கு அதில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கடைக்காரர் மனைவியின் நகையை அடகு வைத்து வைத்தியம் பார்த்தார். அந்தப் பிள்ளை இன்றும் சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறான்.

இது அந்த ஒருவரின் கெட்ட நேரம் அல்ல. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. வெறும் மூன்றாம் நபர் பாலிசியில், பின்னால் அமர்ந்து வருபவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. முழுமையான பேக்கேஜ் பாலிசியில் பின்னால் இருப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. இரண்டுக்கும் உள்ள பிரீமிய வித்தியாசத்தை ஏஜெண்டிடம் கேட்டுப் பாருங்கள்.

‘15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறதே’ என்பவர்களுக்கு ஒரு சொல். 2018 முதல் உள்ள அந்தத் தொகை, வண்டியின் உரிமையாளரே லைசென்சுடன் ஓட்டும்போது அவருக்கு மட்டும். கடைப் பிள்ளை ஓட்டினால் அவருக்கு அது கிடையாது. வண்டியைக் கூட்டு நிறுவனத்தின் பெயரில் பதிந்திருந்தால் அந்தக் காப்பீடே எடுக்க முடியாது. எனவே கடைப் பிள்ளைகளுக்குத் தனியே விபத்துக் காப்பீடு எடுத்து வையுங்கள். வேலை நேரத்தில் நேரும் விபத்துக்கு முதலாளிக்குச் சட்டப் பொறுப்பு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

மற்ற விதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம். அவருக்கும் ஒழுங்காகப் பொருத்திய இருக்கை இருக்க வேண்டும். மீறினால் 1,000 ரூபாய் அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் தடையும். தலைக்கவசம் இருவருக்கும் கட்டாயம். கைப்பிடி, கால் வைக்கும் கட்டை, சேலை சிக்காமல் தடுக்கும் காப்பு ஆகியவை பின்னால் ஆள் ஏற்றும் வண்டியில் இருக்க வேண்டும். கேரியர் மாட்டும்போது மெக்கானிக் இவற்றைத்தான் முதலில் அறுத்தெறிகிறார். பிறகு அதே வண்டியில் வீட்டாரை ஏற்றுகிறோம்.

பெட்டி வைத்து ஓட்டுவோருக்காக 2020-ல் மத்திய அரசு விதியில் திருத்தம் செய்தது. பெட்டி 550 மில்லிமீட்டர் நீளம், 510 அகலம், 500 உயரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். அதைப் பின் இருக்கையின் இடத்தில் வைத்தால் பின்னால் ஆள் ஏறக் கூடாது. ஆளா, பெட்டியா என்ற நமது கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது.

16 வயதுப் பிள்ளை ஓட்டலாம் என்பது கியர் இல்லாத 50 சி.சி. வரையுள்ள வண்டிக்குத்தான். பழைய டி.வி.எஸ். 50-க்குப் பொருந்திய அந்தச் சலுகை எக்ஸ்.எல். 100-க்குப் பொருந்தாது. 18 வயது ஆகாதவரிடம் வண்டியைக் கொடுத்தால், 2019 திருத்தத்தின்படி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும்.

வாங்கும் முன் கவனிக்க

1. ஒரு வாரத்துக்கு, வண்டியில் போகும் சரக்கின் எடையையும் பின்னால் ஆள் ஏறிய தடவைகளையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மனக்கணக்கு வேண்டாம்.

2. சரக்கு மட்டும்தான் என்றால் இருக்கையைக் கழற்றிவிட்டு, பதிவுச் சான்றுக்கும் விதிக்கும் உட்பட்ட கேரியர் மாட்டுங்கள். பின்னால் ஆள் ஏறவே கூடாது என்று கடைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

3. குடும்பத்துக்கும் அதே வண்டிதான் என்றால், கழற்றி மாட்டும் இருக்கையுள்ள வண்டியை வாங்குங்கள். கழற்றிய இருக்கையைக் கடையிலேயே பத்திரமாக வையுங்கள். ஆள் ஏறும்போது இருக்கையை மாட்டிய பிறகே ஏற்றுங்கள்.

4. கேரியரை வெல்டிங் செய்யாமல் போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள்.

5. டயர் காற்றை ஓராள் அளவு, பாரத்துக்கான அளவு என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் பார்த்து வையுங்கள். கையடக்கப் பம்பும் பஞ்சர் சாமானும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

6. நாள்தோறும் 150 கிலோவுக்கு மேல் போகிறது என்றால் மொபெட்டை விட்டுவிடுங்கள். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு, அதைப் போன்ற சிறு சரக்கு வண்டிகள் எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. ஒரே பாதையில் உள்ள நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து வாரம் இரு முறை ஒரு வண்டியை வாடகைக்குப் பேசினால், தனித்தனியே போவதைவிடச் செலவு குறையவும் வாய்ப்புண்டு. இதற்கு நமது சங்கம் ஏற்பாடு செய்து தரலாம் என்பது நமது கருத்து. மகமை பிரித்துப் பள்ளிக்கூடமும் சத்திரமும் கட்டிய நம் முன்னோர் வழியில் வந்தவர்களுக்கு இது பெரிய காரியமல்ல.

வணிகப் பெருமக்களே! கடையில் 50 கிராம் குறைந்தாலும் வாடிக்கையாளர் கேட்கிறார், நாமும் பதில் சொல்கிறோம். அதே நேர்மையான எடையை நம் வண்டிக்கும் நம்மை நம்பி வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கும் கொடுப்போம். பின் இருக்கையில் ஆளென்றால் ஆள், மூட்டையென்றால் மூட்டை. போகிற சரக்கு கடைக்கும், போகிற ஆள் வீட்டுக்கும் பத்திரமாகச் சேரட்டும்.